கடலில் கதறும் மெஷினை மலைக்குக் கொண்டுவராதீங்க!

மெட்டல் டிடெக்டர் விக்கிறவங்க ஒரு வரியை மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க: "புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏத்தது, பீச்சுக்கும் சூப்பர்!" மக்களே, இந்த ரெண்டும் ஒரே மெஷின்ல சேர்றது ரொம்ப அபூர்வம். கள்ளக்குறிச்சிக்காரனுக்குக் கடலைப் பத்தி என்னய்யா கவலைன்னு கேக்காதீங்க. இருக்கு, சொல்றேன்.

முதல்ல உப்பு. விலை குறைஞ்ச மெஷின்ல முக்காவாசி ஒரே அலைவரிசையில ஓடும். காயில்ல இருந்து காந்தப்புலம் மண்ணுக்குள்ள இறங்கும். கீழ உலோகம் இருந்தா அதுல மின்னோட்டம் சுழலும். அதோட எதிரொலியைப் பிடிச்சுத்தான் மெஷின் 'பீப்' அடிக்குது. உப்புத்தண்ணியும் மின்சாரத்தைக் கடத்துமே, பள்ளிக்கூடத்துல படிச்சதுதானே? அலை நனைச்ச மணல் முழுக்க அதுக்கு உலோகம் மாதிரிதான் தெரியும். கடலூர் சில்வர் பீச்சுல அலையோரமா நின்னு ஆட்டிப் பாருங்க, ஒரு மூக்குத்தி கூட இல்லாமலே கச்சேரி களைகட்டும். சென்சிட்டிவிட்டியைக் குறைச்சா சத்தம் அடங்கும், கூடவே ஆழமும் போயிடும். காஞ்ச மணல்ல சுமாரா வேலை செய்யும். சோடா மூடியா அள்ளலாம்.

இதுக்கு மருந்து இல்லாம இல்ல. பல அலைவரிசை மெஷின், வர்ற பதில்களை ஒப்பிட்டு உப்பைக் கழிச்சிடும். 'பல்ஸ் இண்டக்ஷன்' வகையும் உப்பைக் கண்டுக்காது. ஆனா ஆணியா மோதிரமான்னு பிரிச்சுச் சொல்லத் திணறும். எப்படியும் பர்ஸ் பழுக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பீச்சுல ஏமாந்தவன் மெஷினைப் பரண்ல போடறதில்ல, ஊருக்குத் தூக்கிட்டு வர்றான். உப்பில்லாத மண்ணுல அதே மெஷின் சமத்தா வேலை செய்யும். வயிறு எரியறது இங்கதான். நேத்து தொலைஞ்ச மோதிரத்தைக் கடற்கரையில தேடினா யாருக்கும் நஷ்டமில்ல (மாமல்லபுரம், பூம்புகார் பக்கம் வேண்டாம் சாமி!). திருக்கோவிலூர் மண் அப்படியா?

2019ல எங்க மாவட்டம் விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சப்போ திருக்கோவிலூரும் எங்களோட வந்துச்சு. மலையமான் காசு கிடைச்ச பெண்ணையாத்தங்கரை அது. ஒரு காசு எந்த அடுக்குல, எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்துல கிடந்துச்சுங்கிறதுதான் அதோட காலத்தைச் சொல்ற சாட்சி. தோண்டி எடுத்துப் பாக்கெட்டுல போட்டா மிச்சம் வெறும் செம்பு. பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்.

பக்கத்துலயே ஜம்பை. 1981ல அங்க பாறையில கண்டுபிடிச்ச தமிழி கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியை 'சதியபுதோ'ன்னு சொல்லுது. அசோகர் கல்வெட்டுல வர்ற சத்தியபுத்திரர் யாருங்கிற நீண்ட நாள் சண்டைக்கு அதுதான் பதில் சொல்லிச்சு. எந்த மெஷினும் பீப் அடிச்சுக் காட்டலை. கண்ணும் பொறுமையும் காட்டிச்சு.

"எங்க கல்வராயன்மலையில புதையல் இருக்காமே"ன்னு கிளம்பற தம்பிகளுக்கும் ஒண்ணு. வெள்ளிமலைங்கிற பேரை நம்பி வெள்ளி தேடறதும், சில்வர் பீச்சுல சில்வர் தேடறதும் ஒண்ணுதான். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. மண்ணுக்குள்ள இருந்து பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். மறைச்சா பங்கும் போச்சு, ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். தொல்லியல் துறை பாதுகாக்கிற இடத்துல அனுமதியில்லாம தோண்டறது தனிக் குற்றம்.

விக்கிறவங்களே, பெட்டி மேல 'உப்புத்தண்ணிக்கு ஆகாது'ன்னு ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சுடும்? வாங்கற அண்ணாச்சிகளே, கடல் ஆசைன்னா காசு சேர்த்துக் கடலுக்குத் தோதான மெஷினா வாங்குங்க. கடல்ல தோத்த மெஷினோட வீரத்தை எங்க மண்ணுல காட்டாதீங்க. எங்க ஆத்தங்கரை உங்க ஆறுதல் பரிசு இல்ல.