உண்போரைக் காணாத சட்டம்

திண்டிவனத்திலிருந்து புதுவை செல்லும் சாலையினின்று சற்றே விலகியிருக்கும் ஊர் இரும்பை. அங்கே அடுத்தடுத்து இரண்டு வீடுகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஆண்டுக்குப் பதினைந்து இலட்சம் சம்பளம் பெறும் ஊழியர். ஒருவர் தனியாள். மற்றவரின் மகளோ படுக்கையை விட்டு எழ இயலாதவள். இயலாமை 80 விழுக்காட்டுக்கு மேல் என்று மருத்துவச் சான்று பெற்றவள்.

2025–26ஆம் ஆண்டுக்குப் புதிய முறைப்படி முன்னவர் செலுத்த வேண்டிய வருமான வரி 97,500 ரூபாய். பின்னவர் செலுத்த வேண்டியது எவ்வளவு? அதே 97,500! அதிலும் 3,750 ரூபாய்க்குப் பெயர் என்ன தெரியுமா? சுகாதார, கல்வி மேல்வரி! நோயுற்ற மகளுக்கு மருந்து வாங்கும் தகப்பனிடம் சுகாதாரத்தின் பெயரால் கையேந்துகிறது டில்லி சர்க்கார்!

கழிவு இல்லையா என்பீர்கள். இருக்கிறது, பழைய முறையிலே. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80டிடி பிரிவு கடும் இயலாமைக்கு 1,25,000 ரூபாய் கழிவு தருகிறது. 2015இல் வைத்த தொகை. பத்தாண்டாயிற்று, விலைவாசி ஏறிற்று, அது ஏறவில்லை. அதை நாடி அவர் பழைய முறைக்குப் போனால், சேமிப்புக்கான ஒன்றரை இலட்சத்தையும் சேர்த்துக் கழித்த பிறகும் வரி 1,71,600 ரூபாய்! கழிவு என்னும் வெல்லக்கட்டியை எட்டாத உறியிலே வைத்துவிட்டு, "எடுத்துக்கொள்" என்கிறார்கள்.

பன்னிரண்டு இலட்சம் வரை வரியே இல்லையே என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொல்வார். மெய்தான், மறுக்கவில்லை. அதற்கு மேலே, சுமை தாங்குவோனையும் தாங்காதோனையும் ஒரே தராசில் நிறுத்துவது எந்த நீதி?

சலுகை கொடுக்கும்போது மட்டும் இதே சர்க்காருக்குக் குடும்பம் கண்ணுக்குத் தெரிகிறது! மத்திய அரசு ஊழியரின் பெற்றோர் அவருடைய மருத்துவத் திட்டத்தில் சேர வேண்டுமா? அவர்களுடைய மாத வருமானம் 9,000 ரூபாயையும் அதற்குரிய அகவிலைப்படியையும் தாண்டக்கூடாதாம். கிழவியின் ஓய்வூதியத்தைக் காசு காசாக எண்ணுகிறார்கள். வரி வாங்கும் நாளில் அந்தக் கிழவி இருந்த இடம் தெரியவில்லை! கொடுக்கும்போது குடும்பம், பறிக்கும்போது தனியாள்.

முதலாளித்துவக் கோட்டையாம் அமெரிக்காவிலேகூட, ஆண்டு வருமானம் 5,200 டாலருக்குக் குறைந்த தாயைத் தாங்கும் மகனுக்கு, 2025ஆம் ஆண்டு வரியில் 500 டாலர் வரை தள்ளுபடி உண்டு. அந்த 5,200 விலைவாசியோடு உயர்வது, 2024இல் 5,050. நம் நாட்டிலும் 1950களின் பிற்பகுதியில் மணமானவருக்கு 3,000 ரூபாய், ஒரு பிள்ளை இருந்தால் 3,300, இரண்டு இருந்தால் 3,600 என்று வரிவிலக்கு இருந்தது. அன்றைய ஏழை இந்தியாவுக்குத் தெரிந்த கணக்கு இன்று மறந்துபோயிற்று.

80டிடி கழிவைப் புதிய முறையிலும் சேர்க்கட்டும். பெற்றோரைக் காப்போருக்கும் ஒரு கழிவு தரட்டும். வருமான உச்சவரம்பு வேண்டுமானால் வைக்கட்டும். ஆண்டுதோறும் விலைவாசியோடு அதனை உயர்த்தட்டும். வானூர் வட்டத்துத் தோழர்கள் ஆசிரியர் வீட்டுக்கும் எழுத்தர் வீட்டுக்கும் செல்லும்போது, இந்த 97,500 ரூபாய்க் கணக்கைத் தாளிலே போட்டுக் காட்டுங்கள்.