அதெல்லாம் சேரும், அண்ணாச்சி!

"அதெல்லாம் சேரும் அண்ணாச்சி, தைரியமா வாங்கிட்டுப் போங்க!" பழைய கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு கேட்டுப் போகிறவர்களுக்கு நம் ஊர்ப் பக்கம் சில கடைகளில் கிடைக்கும் வேதவாக்கு இது. சொல்கிறவர் நம் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். இந்தப் பழக்கத்தைத்தான் நான் கண்டிக்கிறேன்.

கிணற்று மோட்டார் வாங்கப் போனால் தென்காசியில் என்ன நடக்கும்? சிங்கிள் பேஸா திரீ பேஸா, கிணறு எத்தனை அடி, பைப் எத்தனை இஞ்சு என்று கேட்காமல் எந்தக் கடைக்காரரும் மோட்டாரை எடுத்து வைக்க மாட்டார். பல ஆயிரம் ரூபாய் கார்டுக்கு மட்டும் ஏன் ஒரு கேள்வியும் கிடையாது?

"சேரும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் ஸ்லாட்டில் புதிய கார்டும் பழைய மதர்போர்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டால் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை.

முதலில் கரண்ட். அந்த ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். உதாரணமாக ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட் இழுக்கும். அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று தயாரித்த என்விடியா நிறுவனமே சொல்கிறது. எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. 12 வோல்ட் என்ற இடத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். மேலே 450 என்று போட்டிருந்தாலும் கார்டும் பிராசசரும் இந்த 192-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து இடம். ஆபீஸ்களில் கழித்து விற்ற ஒல்லிப் பெட்டிகள் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் உயரம் குறைந்த கார்டு மட்டுமே நுழையும். பிறகு மானிட்டர். பழைய நீல நிற வி.ஜி.ஏ. கேபிளுக்கு, 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 10 வரிசை முதல் என்விடியா கார்டுகளில் நேரடி இணைப்பே கிடையாது.

குற்றாலத்தில் இருக்கும் என் நண்பர், டிசைன் படிக்கும் பேரனுக்காக ஒரு கார்டு வாங்கினார். வீட்டுக்கு வந்தால் அதற்கான வயர் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினார், கார்டின் நீளத்துக்குப் பெட்டி போதவில்லை. பெட்டியையும் மாற்றினார். கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "பழுது ஒண்ணும் இல்லையே சார், எப்படித் திருப்பி எடுக்க?" என்றார்களாம். பென்ஷன் பணம் போன வழி இது.

அந்தப் பதிலில்தான் சூட்சுமம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ஆனால் நம் பெட்டிக்குச் சேராத கார்டு பழுதான கார்டு அல்லவே! எனவே வாங்கிய பிறகு சண்டை போடுவதைவிட, வாங்கும் முன் கேட்பதே பலம். பொருளின் தரம் பற்றித் தகவல் பெறுவது நம் உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இன்னொரு ஏமாற்று. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. "ஒரு கார்டு போட்டா விண்டோஸ் 11 ஏறிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய கம்ப்யூட்டர்களில் தடை பெரும்பாலும் பிராசசரும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும்தான். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். கார்டு இந்த நோய்க்கு மருந்தல்ல. யூடியூப் பார்க்கவும் பேரனோடு வீடியோவில் பேசவும் பெரும்பாலோருக்குத் தனிக் கார்டே தேவையில்லை.

"கஸ்டமர்தான் தெரிஞ்சுக்கிட்டு வரணும்" என்பார்கள் சில கடைக்காரர்கள். எழுபது வயதுக்காரர் வாட் கணக்குப் போட வேண்டும், விற்பதையே தொழிலாகக் கொண்டவர் போட மாட்டாரா? பக்கத்து மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஜோஹோ நிறுவனத்துப் பிள்ளைகள் உலகத்துக்கே சாப்ட்வேர் எழுதுகிறார்கள். இங்கே ஒரு பெட்டியின் நான்கு திருகைக் கழற்றிப் பார்க்க ஆளில்லை என்றால் யார் நம்புவது?

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை சி.பி.யூ. பெட்டியையே ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். மதர்போர்டு மாடல், எஸ்.எம்.பி.எஸ். வாட், கார்டின் பெயர் மூன்றையும் எழுதி, "இந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யும், இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்" என்று பில்லில் ஒரு வரி கேளுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் எழுதித் தருவார். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் சொல்கிறேன்: காகிதத்தில் ஏறாத வாக்குக்கு எந்த ஆபீசிலும் மதிப்பில்லை.