சட்டை பேசுகிறது!

நண்பர்களே, நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இம்முறை எல்லோரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் அணிந்து வருவதென்று பேச்சு நடக்கிறது. (நாம் நாகரிகமாக டி-ஷர்ட் என்கிறோம், அதைத் தைத்து அனுப்பும் திருப்பூருக்கு என்றைக்கும் அது பனியன்தான்.) ஒரே மாதிரி அணிவதில் எனக்கு மறுப்பில்லை. மார்பிலே என்ன அச்சிடுவது என்பதில்தான் மறுப்பு. “இந்தி தெரியாது போடா” என்று போடவேண்டும் என்பது பலர் விருப்பம். வேண்டாம் என்பது என் கட்சி. தமிழ்ப் பற்றில்லாதவன் என்று என்னைத் தள்ளி வைக்குமுன், சற்றே செவி சாயுங்கள்.

அந்தச் சட்டை என்னிடமும் உண்டு. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி ஒருவரிடம் தமக்கு இந்தி தெரியாதென்று சொன்னபோது, “நீங்கள் இந்தியரா?” என்ற கேள்வி தம்மை நோக்கி வந்ததாகக் கனிமொழி வெளியிட்டார். அடுத்த மாதமே யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் வாசகம் பொறித்த பனியன்களோடு படம் வெளியிட்டார்கள். ‘தமிழ் பேசும் இந்தியன்’ என்ற பொருளில் ஒன்று, ‘போடா’ மற்றொன்று. ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. திருப்பூரில் ஆர்டர்கள் குவிந்தன. நானும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு, அந்த இடத்தில், அது தக்க விடையே என்று இன்றும் எண்ணுகிறேன். கேட்டது அதிகாரம்; விடையும் அதிகாரத்தின் முகத்துக்கே போயிற்று.

பிறகு அதே சட்டையோடு படிப்புக்காக வடக்கே வந்தேன். ஓர் இரவு மெஸ்ஸில் சப்பாத்தி பரிமாறுகிறவர் என் மார்பைச் சுட்டி, “என்ன பையா எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். (இங்கே ‘பையா’ என்றால் அண்ணன். முதல் வாரம் முழுதும், என்னைப் பையன் என்கிறாரே என்று வருந்தியிருக்கிறேன்!) சட்டை சொல்வதோ பொய். இந்தியில் ஐம்பது சொற்களாவது எனக்குத் தெரியும். அவற்றை வைத்தே பொருள் சொல்லியிருக்கலாம். ஆனால் நா எழவில்லை. “என் ஊர்ப் பெயர்” என்றேன். “எழுத்து அழகாயிருக்கிறது” என்று சொல்லி, தட்டில் இன்னொரு சப்பாத்தி வைத்தார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ‘போடா’ என்று யாரைச் சொன்னேன்? அவர் தர்பங்காப் பக்கத்துக்காரர். வீட்டில் பேசுவது மைதிலி. வித்யாபதி பாடிய மொழி. திருகுதா என்ற தனி எழுத்தே உடைய மொழி. இன்று பெரும்பாலும் தேவநாகரியில்தான் அதை எழுதுகிறார்கள். இந்தியின் ஒரு கிளையென்றே நெடுங்காலம் கணக்கெழுதி வைத்திருந்தார்கள். 2003இல்தான் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அதற்கு இடம் கிடைத்தது. போஜ்புரிக்கு இன்னும் கிடைத்தபாடில்லை. இந்தியின் நிழலில் தாய்மொழி வாடுவதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் அவர். நம் பக்கத்தில் நிற்கவேண்டியவரைப் பார்த்தா ‘போடா’ என்பது?

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “இது ஒரு ஃபேஷன் அப்பா. இங்கே எவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவராலும் படிக்க முடியாது என்ற துணிச்சலில் எழுதுவது எப்படி முழக்கமாகும்?

1984இல் லண்டனில் காதரின் ஹாம்னெட் என்ற ஆடை வடிவமைப்பாளர் பிரதமர் தாட்சரின் விருந்துக்குப் போனார். மேலங்கியைத் திறந்தார். உள்ளே சட்டையில், பெர்ஷிங் ஏவுகணை வேண்டாமென்பவர் 58 சதவீதம் என்று கொட்டை எழுத்து! புகைப்படத்தில் தெளிவாக விழவேண்டும் என்றே அத்தனை பெரிதாக அச்சிட்டார். அவர் விற்றதும் சட்டைதான், வியாபாரிதான்; ஆனால் படிக்கவேண்டியவர் எதிரே நின்று படித்தார். பிறகு வந்ததெல்லாம் வேறு கதை. 2016இல் பாரிஸில் டியோர் நிறுவனம், நாம் எல்லோரும் பெண்ணியவாதிகளாக வேண்டும் என்ற வாசகத்தோடு ஒரு பனியனைக் காட்சிக்கு வைத்தது. கடைக்கு வந்தபோது விலை 710 டாலர்!

சட்டையே இல்லாமல் எழுதியவன் ஒருவனும் உண்டு. டாக்காவில் 1987 நவம்பர் 10ஆம் நாள், நூர் உசேன் என்ற இளைஞன் வெற்று மார்பில் ‘கொடுங்கோன்மை ஒழிக’ என்ற பொருளிலும், முதுகில் ‘ஜனநாயகம் விடுதலை பெறுக’ என்ற பொருளிலும் வெள்ளை வண்ணத்தால் எழுதிக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தான். அந்நகரம் முழுவதும் படிக்கக்கூடிய வங்க எழுத்து. போலீசாரும் படித்தார்கள். அன்றே சுட்டுக் கொல்லப்பட்டான். எர்ஷாத்தின் ஆட்சி வீழ 1990 டிசம்பர் வரை ஆயிற்று. நாமெல்லாம் குண்டுக்கு மார்பு காட்டவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. ஆனால் இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு 1939இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் எந்தச் சட்டையை அணிந்தார்கள் என்று நமக்குத் தெரியுமா?

திருப்பூரைப் பற்றியும் ஒரு சொல். 1932 ஜனவரியில், தடை செய்யப்பட்ட கொடியை ஏந்தித் தடியடிபட்டுக் குமரன் உயிர்விட்ட ஊர் அது. இன்று அங்கே பனியன் தைக்கும் கைகளில் பல ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவை. 2020 ஊரடங்கில் அவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பியதைப் பார்த்தோம். நம் ‘போடா’வைத் தைக்கப்போகிறவரும் இந்தி பேசுகிறவராகவே இருக்கலாம். என்ன தைக்கிறோம் என்று அவரும் பக்கத்தில் உள்ளவரைக் கேட்பார். யாராவது பொய்தான் சொல்வார்கள்.

இந்தித் திணிப்பை எதிர்க்க இங்கே வழியில்லையா? உண்டு. சென்ற பருவத்தில் விடுதிச் சுற்றறிக்கைகள் இந்தியில் மட்டும் ஒட்டப்பட்டன. ஆங்கிலத்திலும் வேண்டும் என்று மனு எழுதி அறை அறையாகச் சென்றேன். கையெழுத்திட்டவர்கள் 11 பேர். “பெயர் தெரிந்துவிடுமே” என்றார்கள் மற்றவர்கள். சட்டைக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் 62 பேர்!

அந்த மனு இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. கீழே இடம் நிறைய இருக்கிறது. வாசகம் வேண்டுமென்றே பெரும்பான்மையோர் முடிவு செய்தால் பணம் கட்டிவிடுகிறேன். என் அளவு 40.