அப்புக்காத்தும் எழுதுவினைஞரும்

தந்தை செல்வாவின் நினைவு நாள் இந்த வாரம் வந்து போனது. ஈழத்துக் காந்தி, தீர்க்கதரிசி, அகிம்சையின் வடிவம் என்று பேசியவர்களின் உரைகளைப் பத்திரிகைகளில் தேடித் தேடி வாசித்தேன். ஏப்ரல் 26 வந்தால் இதே மூன்று பட்டங்கள்தான். அந்த மனிதர் எந்தத் தொழிலால் உருவானவர் என்று ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நினைவுக் கூட்டங்களோடும் நினைவு மலர்களோடும் எனக்குள்ள வழக்கு இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். "இனி அதை விடுங்கோ" என்று கடிதம் எழுதியவர்களும் உண்டு. விட மனம் வரவில்லை. ஆசிச் செய்தி, வாழ்த்துரை, அஞ்சலிக் கவிதை என்று மலர் தடிக்கிறது. ஆனால் இறந்தவர் உயிரோடு இருந்த காலத்தில் நாள் முழுக்கச் செய்த வேலையைப் பற்றி ஒரு பக்கம் கிடைப்பதில்லை. ஆசிரியர் என்றால் எப்படிப் படிப்பித்தார், வைத்தியர் என்றால் எந்த நோயைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்பதெல்லாம் அவரோடேயே போய்விடுகின்றன.

தந்தை செல்வா என்கிற செல்வநாயகம் 1947இல் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனபோது அவருக்கு வயது 49. அதற்கு முன் கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கொழும்பில் அப்புக்காத்தாக இருந்தவர். 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, நாலு வயதில் தாயோடு தெல்லிப்பழைக்கு வந்து, யூனியன் கல்லூரி, சென். ஜோன்ஸ், கொழும்பு சென். தோமஸ் என்று படித்து, விஞ்ஞானப் பட்டம் எடுத்து, ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்தவர். 1923இல் அப்புக்காத்தானார். காணி, உறுதி, முதுசொம் என்று போகும் சிவில் வழக்குகள்தான் அவருடைய துறை. 1947இல் இராச அப்புக்காத்துப் பட்டமும் கிடைத்தது.

எதிர்ப்பக்கத்தில் ஜீ. ஜீ. பொன்னம்பலம். கிறிமினல் வழக்குகளில் நாடறிந்த பெயர். யூரர்களின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பேசி அவர்களைத் தன் பக்கம் இழுக்கும் வித்தை அவருடையது. சிவில் அப்புக்காத்துக்கு அந்த வித்தை தேவையில்லை. என்ன எழுதப்பட்டிருக்கிறது, யார் கையெழுத்து வைத்தார்கள், எந்தப் பிரிவு யாரைக் கட்டுப்படுத்தும் என்பதே அவருக்கு எல்லாம். ஒரே கட்சியில் இருந்த இருவரும் பிரிந்ததன் அடியில் இந்த வேறுபாடும் இருந்ததென்று நான் நினைக்கிறேன். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் ஏறக்குறைய 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அந்த அரசில் பொன்னம்பலம் மந்திரிப் பதவி ஏற்றார். செல்வநாயகம் வெளியே வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று தோட்டத்துத் தொழிலாளியின் உறுதியைக் கிழித்தவர்கள் நாளைக்கு எங்களுடையதையும் கிழிப்பார்கள் என்பது ஒரு காணி அப்புக்காத்துக்குச் சட்டென்று விளங்கியிருக்கும்.

அவரைப் பற்றி வாசிக்க விரும்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஏ. ஜெயரத்தினம் வில்சன் 1994இல் வெளியிட்ட ஆங்கில வாழ்க்கை வரலாற்றைத்தான். வில்சன் அரசறிவியல் பேராசிரியர், செல்வநாயகத்தின் மருமகனும்கூட. மருமகன் மாமனாரைப் பற்றி எழுதினால் துதிபாடலாகத்தான் இருக்கும் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த உறவே நூலின் பலமாகப் படுகிறது. அரசியல் விஞ்ஞானியின் கண்ணும் வீட்டுக்குள் நடமாடிய மனிதரின் காதும் சேர்ந்த நூல் எங்கள் தலைவர்களில் வேறு யாருக்கு வாய்த்தது? என் பிரதியின் அட்டை கழன்றுவிட்டது. இரவல் கேட்டால் மட்டும் கொடுக்கமாட்டேன்.

பண்டாரநாயக்காவோடும் டட்லி சேனநாயக்காவோடும் செய்த இரண்டு ஒப்பந்தங்களின் கதையை நான் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. 1957 ஜூலையில் கையெழுத்தானது 1958 ஏப்ரலில் கிழிந்தது, 1965இல் எழுதியதும் நிறைவேறவில்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாமல் போனது ஒரு வழக்கு. இந்த வாரம் கூட்டங்களில் பேசியவர்கள் யாராவது அதைச் சொல்லியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திராது.

1956இல் சிங்களம் மட்டும் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்த அன்று காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகிகள் அடிபட்டது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதே சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கவும் வழி இருந்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு இல்லாத தடையை இன்னொரு சமூகத்தின் மேல் போடும் சட்டம் செல்லாது என்றது. ஆனால் அப்படி வழக்குப் போட, அந்தச் சட்டத்தால் நேரடியாக நட்டப்பட்ட ஒருவர் வேண்டும். அவர் செல்லையா கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர். கேகாலைக் கச்சேரியில் வேலை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்தார். 1962 ஏப்ரலில் வரவேண்டிய சம்பள ஏற்றத்தை அரசு நிறுத்தியது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார்.

ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். தலைவர்கள் மறியலில் இருந்து வந்த காலம். அரச சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு மனிதர், தன் எசமானாகிய முடிக்கு எதிராகத் தனிப்பெயரில் வழக்குப் போடுகிறார். கேட்பது ஒரு சம்பள ஏற்றம். அதைக் கொடு என்று தீர்ப்பு வந்தால் நாட்டின் மொழிச் சட்டமே விழும்.

1964இல் தீர்ப்பு வந்தது. நீதிபதி டி கிறெற்சர் கோடீஸ்வரன் பக்கம் தீர்த்தார். மொழிச் சட்டம் 29ஆம் பிரிவை மீறுகிறது என்றார். அவர் ஒரு பறங்கியர், மாவட்ட நீதிபதி. பதினொரு ஆண்டுகளுக்கு முன் கோடகன்பிள்ளை வழக்கில் இதே 29ஆம் பிரிவு மலையகத் தமிழருக்கு உதவாது என்று இலண்டன் பிரிவிக் கவுன்சிலே சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு இப்படித் தீர்க்கத் துணிவு வேண்டும். இவரின் பெயரில் எங்கள் ஊர்களில் ஒரு ஒழுங்கைகூட இல்லை.

அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. மாற்றிய விதம்தான் என்னை இன்றைக்கும் வதைக்கிறது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியை நீதியரசர்கள் தொடவில்லை. அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக முடிமேல் வழக்குப் போடவே முடியாது என்று சொல்லி வழக்கைத் தள்ளினார்கள்.

கோடீஸ்வரன் இலண்டனுக்குப் போனார். 1969 டிசம்பர் 11இல் டிப்ளொக் பிரபு பிரிவிக் கவுன்சிலின் தீர்ப்பைச் சொன்னார். உரோமன் டச்சுச் சட்டம் இலங்கையில் வளர்ந்த வழியை அலசி, இங்கே அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்காடலாம் என்றார். அன்றிலிருந்து அந்த உரிமை சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்றில்லாமல் நாட்டின் எல்லா அரச ஊழியருக்கும் உண்டு. அதைப் பெற்றுக் கொடுத்தவர் சிங்களப் பரீட்சை எழுத மறுத்த தமிழர். மொழிச் சட்டம் பற்றிய பெரிய கேள்வியைப் பிரிவிக் கவுன்சில் தானே தீர்க்கவில்லை. உயர் நீதிமன்றம் முதலில் விடை சொல்லட்டும் என்று கொழும்புக்குத் திருப்பி அனுப்பியது.

கொழும்பில் அந்தக் கேள்வி விசாரிக்கப்படவே இல்லை. 1970இல் ஆட்சி மாறியது. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையிடும் உரிமை ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் குடியரசு யாப்பு வந்தது. சிங்களம் யாப்புக்குள்ளேயே ஏறியது, 29ஆம் பிரிவு காணாமல் போனது. அதை ஆக்கிய மந்திரி கொல்வின் ஆர். டி சில்வா, 1956இல் மொழிச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர், தானும் பெரிய அப்புக்காத்து. நீதிமன்றம் என்ன தீர்த்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தீர்ப்புக்குப் பயப்பட்டவர்கள் யார் என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

செல்வநாயகம் அடுத்துச் செய்ததை இந்த வழக்கைத் தெரியாமல் விளங்கிக்கொள்ள முடியாது. 1972 அக்டோபரில் தன் ஆசனத்தைத் துறந்தார். இந்த யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று காங்கேசன்துறையில் தேர்தல் வைத்துப் பார் என்று அரசுக்குச் சவால் விட்டார். நீதிமன்றத்தில் கேட்க இடமில்லாமல் போன கேள்வியை வாக்காளரிடம் கொண்டுபோனார் அந்த அப்புக்காத்து. அரசு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தேர்தலை இழுத்தடித்தது. பாக்கின்சன் நோயில் உடல் நடுங்க, காதும் மந்தமாகிவிட்ட 76 வயதில், 1975 பெப்ரவரியில் அவர் 16,000க்கு மேற்பட்ட பெரும்பான்மையால் வென்றார். அடுத்த ஆண்டு தனி நாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். பத்திரத்தை நம்பிய ஒருவர் தனி நாடு கேட்கும் இடத்துக்கு எப்படி வந்தார் என்று கேட்கிற இளம் பிள்ளைகளுக்கு நான் முதலில் கோடீஸ்வரனைத்தான் காட்டுவேன்.

புதிய சட்ட அறிக்கைகள் 72ஆம் தொகுதி, 337ஆம் பக்கம். பிரிவிக் கவுன்சில் தீர்ப்பு அங்கே ஆங்கிலத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சட்டத்துறைப் பிள்ளைகளோ இளைப்பாறிய சட்டத்தரணி ஒருவரோ அதைத் தமிழில் பெயர்த்துத் தந்தால், பத்திரிகையில் இந்த என் இடத்தை அதற்கு விட்டுக் கொடுக்கிறேன். எத்தனை வாரம் போனாலும் பரவாயில்லை.