காரின் முதுகில் சைக்கிள்

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வண்டியின் மேல் வண்டியே ஏறும் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த வேடிக்கையைக் காணும் பாக்கியம் நமக்கு வாய்த்திருக்கிறது. சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புறப்படும் சிறிய கார்கள் சிலவற்றின் முதுகில் சைக்கிள்கள் ஒய்யாரமாகச் சவாரி செய்கின்றன. சுமை தூக்குவதற்கென்றே கேரியர் வைத்துக் கொண்ட சைக்கிளை, இப்போது கார் ஒரு கேரியர் வைத்துத் தூக்குகிறது!

இதைப் பரிகாசம் செய்வது நமது உத்தேசமன்று. பழவேற்காடு போன்ற ஊருக்குச் சைக்கிளைக் கொண்டு போவதில் மிகுந்த நியாயம் இருக்கிறது. அந்த ஊர் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. வாலிபர்கள் அவ்வளவு தூரமும் மிதித்துப் போய்த் திரும்பலாம். ஆனால் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையில் பத்து வயதுக் குழந்தையை மிதிக்கச் சொல்வதற்கு எந்தத் தாயார்தான் சம்மதிப்பாள்?

போய்ச் சேர்ந்த பிறகோ காரினால் அதிகப் பிரயோஜனம் இல்லை. 1613-ம் வருஷத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய இடத்தையும், சித்திர வேலைப்பாடு மிகுந்த அவர்களுடைய கல்லறைகளையும், பாலத்தைக் கடந்து லைட் ஹவுஸ் குப்பத்தையும் பார்த்து வருவதற்குச் சைக்கிளே ஏற்ற வாகனம். மீனவர் குப்பங்களின் சந்துகளில் வலை உலரும்; மீன் காயும்; குழந்தைகள் விளையாடும். அங்கே காரை நுழைப்பது, பிறர் வீட்டுக் கூடத்தில் செருப்புக் காலுடன் நுழைவதற்குச் சமானம். பனிக்காலத்தில் ஏரியின் ஆழமற்ற நீரில் இரை தேடி நிற்கும் பூநாரைகளுக்கும் மோட்டார் சத்தம் பிடிப்பதில்லை.

ஆகவே, சைக்கிளுடன் போவது என்று தீர்மானித்தாயிற்று. எந்தக் கேரியரை வாங்குவது? கடைக்குப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். பிறகு எத்தனை சைக்கிள் ஏறும் என்று கேட்கிறார்கள். நமது அபிப்பிராயத்தில் இவை மூன்றாவது, நான்காவது கேள்விகள். முதல் கேள்வி, நம்முடைய கார் எவ்வளவு தாங்கும் என்பது. இரண்டாவது, சாலையில் நமக்குப் பின்னால் வருகிறவரின் கதி என்ன என்பது.

முதற் கேள்விக்கு விடை காருடன் கொடுத்த கையேட்டில் இருக்கிறது. கியர் வைத்த சைக்கிள் ஒன்று 14 முதல் 16 கிலோ இருக்கும். தாத்தா காலத்து இரும்புச் சைக்கிள் 20 கிலோவுக்குக் குறையாது. இரண்டு சைக்கிளும் கேரியருமாகச் சேர்ந்தால் 35 கிலோவும் ஆகலாம். 45 கிலோவும் ஆகலாம். சிறிய கார்கள் சிலவற்றில் கூரையின் மீது எதையுமே ஏற்றக் கூடாது என்று எழுதியிருக்கும். அனுமதி உண்டென்றாலும், கேரியரின் எடையும் அந்தக் கணக்கிலேயே அடங்கும்.

இனி, கேரியர்களின் வகைகளைப் பார்ப்போம். கூரையில் குறுக்குக் கம்பிகள் பூட்டி அவற்றின் மேல் சைக்கிளை நிறுத்துவது ஒரு வகை. இதில் பின் கதவு தாராளமாகத் திறக்கும். எண் பலகையும் விளக்குகளும் மறைவதில்லை. ஆனால் நாலு மணி நேரம் மிதித்துக் களைத்த பிறகு, 16 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். காற்றின் எதிர்ப்பினால் பெட்ரோல் செலவும் ஏறும். எல்லாவற்றிலும் பெரிய அபாயம் மறதி. காரின் உயரம் சுமார் 1.5 மீட்டர், சைக்கிளின் உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். இரண்டரை மீட்டர் உயரமுள்ள வாகனத்தை ஓட்டுகிறோம் என்ற ஞாபகம் சாலையில் இருக்கும். வீடு திரும்பி, அடுக்கு மாடிக் கட்டிடத்தின் கீழ்த் தளத்தில் காரை நுழைக்கும் போது அது போய் விடும். பிறகு சைக்கிள், கூரை, கட்டிடத்தின் உத்தரம் மூன்றுக்கும் சேதம்.

பின் கதவில் நாடாக்களால் கட்டும் கேரியர் இரண்டாவது வகை. விலை மலிவு, தூக்கி வைப்பது சுலபம், வேண்டாதபோது கழற்றி அலமாரியின் மேல் போட்டு வைக்கலாம். பின் கதவு மேல் நோக்கித் திறக்கும் ஹாட்ச்பேக் கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் நாடுவார்கள். நாடவும் செய்யலாம், ஆனால் சில பரீட்சைகள் உண்டு.

நாடாவின் கொக்கிகள் கதவின் இரும்பு விளிம்பைப் பற்ற வேண்டும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் கதவின் உச்சியில் அலங்காரத்துக்காகப் பிளாஸ்டிக் இறக்கை ஒன்று வைத்திருக்கிறார்கள். கொக்கியை அதில் மாட்டினால் இறக்கை பறந்து போகும். கண்ணாடி விளிம்பில் மாட்டினால் கண்ணாடி போகும். எனவே நம்முடைய காரிலேயே மாட்டிப் பார்த்து வாங்குவது உத்தமம். கேரியரின் மெத்தைகள் பதியும் இடத்தை முதலில் துடைத்து விட வேண்டும். இல்லாவிட்டால் இடையில் சிக்கிய மணல் வர்ணத்தைச் சுரண்டி விடும். பார் இல்லாத பெண்கள் சைக்கிளையும் குழந்தைகள் சைக்கிளையும் தொங்கவிடுவதற்குத் தனியாக ஒரு குறுக்குக் கம்பி வேண்டியிருக்கும். அதையும் சேர்த்து விலை கேட்பது நலம்.

இந்த வகையில்தான் இரண்டாவது கேள்வி எழுகிறது. எண் பலகை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டளை. அபராதத்துக்கு அஞ்சாதவர்களும் பின் விளக்குகளை மறைக்கலாகாது. நாம் பிரேக் போட்டது, குழந்தையை முன்னால் நிறுத்தி ஸ்கூட்டரில் பின்னே வரும் மனிதருக்கு எப்படித் தெரியும்? சைக்கிளை உயரத் தூக்கி நிறுத்தும் கேரியர்கள் இருக்கின்றன. பின் கண்ணாடி மறைந்தாலும் பக்கக் கண்ணாடிகளைக் கொண்டு சமாளிக்கலாம். அப்படியும் விளக்கும் பலகையும் மறையுமானால், அந்தக் கேரியர் நம் காருக்கு ஏற்றதல்ல என்று விட்டு விட வேண்டியதுதான்.

அகலத்தையும் அளக்க வேண்டும். சைக்கிளின் நீளம் 1.7 அல்லது 1.8 மீட்டர், சிறிய காரின் அகலம் அதைவிடச் சற்றுக் குறைவு. சக்கரம் இருபுறமும் சில அங்குலமாவது வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

காரின் அடியில் இழுவைக் கொக்கி பொருத்தி அதில் கேரியர் வைக்கும் வழக்கம் மேல்நாடுகளில் அதிகம். நமது சிறிய கார்கள் பெரும்பாலும் அந்தக் கொக்கியுடன் வருவதில்லை. ஆகையால் அதை விட்டு விடலாம். ஒருவர் அல்லது இருவர் மட்டும் போவதாயிருந்தால் கேரியரே வேண்டாம் என்பது நமது யோசனை. பின் ஆசனத்தை மடித்து, முன் சக்கரத்தைக் கழற்றி, பழைய ஜமக்காளம் ஒன்றை விரித்துச் சங்கிலிப் பக்கம் மேலே இருக்கும்படி சைக்கிளைப் படுக்க வைத்தால் காரியம் முடிந்தது. ஒரு ஸ்பேனரின் விலையோடு போயிற்று.

எந்தக் கேரியரானாலும் பத்திரம் கட்டுவதில்தான் இருக்கிறது. தனித்தனி மரங்களைக் கயிற்றால் பிணைத்து, அதன் மேல் ஏறிக் கடலுக்குள் போனவர்கள் நம் மீனவர்கள். இப்போது ஃபைபர் படகுகள் மிகுந்து விட்டாலும், கட்டுமரம் என்ற பெயரிலேயே பாடம் இருக்கிறது. மரங்களில் ஒன்று தனியே அசைந்தாலும் அது கட்டுமரமல்ல. சைக்கிளைக் கட்டியான பிறகு அதைப் பிடித்துப் பலமாகக் குலுக்கிப் பாருங்கள். கார் முழுவதும் குலுங்கினால் கட்டு சரி. சைக்கிள் மட்டும் குலுங்கினால் மறுபடியும் கட்டுங்கள். சக்கரங்கள் சுழலாமல் அவற்றையும் கட்டி விடுங்கள். தச்சூர் கூட்டுச் சாலையில் திரும்புவதற்கு முன் ஒரு முறையும், பொன்னேரியில் ஒரு முறையும் இறங்கி நாடாவை இழுத்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். வீடு திரும்பியதும் கேரியரையும் சைக்கிளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்; உப்புக் காற்று கொக்கியையும் திருகாணியையும் சும்மா விடாது. வெயிலில் வெளுத்து நைந்த நாடாவை மாற்றுவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நாலு பேர் கொண்ட குடும்பம், இரண்டு சைக்கிள், வருஷத்தில் ஐந்தாறு பிரயாணம் என்றால், விளக்கை மறைக்காத பின் கதவுக் கேரியரே போதும். வாரந்தோறும் போகிறவர்கள், கையேடு இடம் கொடுத்தால், கூரைக் கேரியருக்குச் செலவு செய்யலாம். பழவேற்காட்டை நெருங்கியதும், கடைத் தெருவுக்கு முன்பாகவே காரை ஓரமாக நிறுத்திச் சைக்கிள்களை இறக்கி விடுவது நல்லது. உள்ளே சாலை குறுகலானது. மீன் கூடையுடன் ஓரமாக நடந்து வரும் அம்மாளுக்கு, நம் காருக்குப் பின்னால் ஒரு சக்கரம் நீட்டிக் கொண்டிருக்கிறது என்று யார் போய்ச் சொல்வது?