பன்றிக்குக் கட்டிய கம்பி! சாவது யார்?

வேலியில் நேரடி கரண்ட்: மலை அடிவாரத் தோட்டங்களில் எமன்

ராஜபாளையம்-

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலை அடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ராத்திரித் தூக்கம் நிச்சயம் இல்லை. காட்டுப்பன்றி புகுந்தால் கடலை, கிழங்கு, மக்காச்சோளம் எல்லாம் விடிவதற்குள் காலி. யானை இறங்கினால் ஆளாக்கிய தென்னங்கன்று கூட மிஞ்சாது.

இந்த வயிற்றெரிச்சலில் சிலர் விபரீத வேலையில் இறங்குகிறார்கள். மோட்டார் ரூமில் இருந்து ஒரு ஒயரை இழுத்து வேலிக் கம்பியில் மாட்டி விடுகிறார்கள். "ராத்திரிக்கு மட்டும்தானே, விடிஞ்சதும் கழட்டிடலாம்" என்ற நினைப்பு!

கழட்ட மறந்தால்? விடியற்காலை தண்ணீர் பாய்ச்ச முதலில் வருவது தோட்டக்காரர். இல்லாவிட்டால் அவர் வீட்டு ஆள். பன்றிக்கு வைத்த கம்பிக்கு ஆள் அடையாளம் தெரியாது.

230 வோல்ட் கொல்வது ஏன்?

வேலியில் கரண்ட் விடுவதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 'சோலார் வேலி' என்று ஊரில் சொல்லப்படும் வேலியில் ஓடுவதும் கரண்ட்தான். அதில் பேட்டரியோடு 'எனர்ஜைசர்' என்ற பெட்டி இருக்கும். அது தருவது ஆயிரக்கணக்கான வோல்ட். வீட்டு லைன் வெறும் 230 வோல்ட். ஆனால் ஆளைக் கொல்வது இந்த 230தான்!

காரணம் இதுதான். பெட்டி ஏறக்குறைய வினாடிக்கு ஒரு தடவைதான் அடிக்கும். அந்த அடியும் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு துளிதான். தொட்டால் சுரீர் என்று உதறித் தள்ளும். கையை எடுக்க அவகாசம் உண்டு. நேரடி லைனோ விடாமல் பாயும். தசை இறுகி, கை கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்குச் சில வினாடி போதும்.

பெட்டி வாங்கி விட்டால் மட்டும் போதாது. முள்கம்பியில் கரண்ட் விடவே கூடாது. சட்டை மாட்டிக்கொண்டால் ஆள் மீள முடியாது. வேலியின் எர்த்தை வீட்டு எர்த்தோடு சேர்க்கக் கூடாது. ஒரு வேலிக்கு ஒரு பெட்டிதான். ஆள் நடமாடும் பக்கம் எச்சரிக்கை போர்டு கட்டாயம்.

3 யானைகள் பலி

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விவசாய நிலத்துச் சட்டவிரோத மின்வேலியில் 3 பெண் யானைகள் செத்து விழுந்தன. 2 குட்டிகள் தப்பின. நிலத்துக்காரர் கைதானார். அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்யவும், புதிதாக அமைக்க முன்அனுமதி பெறவும் தமிழக அரசு விதிகள் கொண்டு வந்தது.

இந்த அடிவாரத்துக்கு அது இன்னும் முக்கியம். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் தோப்புகளின் தலைமாட்டிலேயே இருக்கிறது. பம்புசெட்டுக்குத் தரும் இலவச மின்சாரத்தை வேலிக்குத் திருப்பினால் மின் திருட்டு வழக்கு பாயும். ஆள் செத்தால் மரணம் விளைவித்த வழக்கும், வனவிலங்கு செத்தால் வனத்துறை வழக்கும் வரும்.

விவசாயி பக்கமும் நியாயம் இருக்கிறது. காட்டுப்பன்றியைக் கட்டுப்படுத்த 2025-ல் அரசு ஓர் ஏற்பாடு அறிவித்தது. ஆனால் காப்புக்காட்டில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வந்த பன்றியைத்தான் சுடலாம். அதுவும் வனத்துறைதான் சுட வேண்டும். மலையை ஒட்டிய தோப்புக்காரருக்கு அதனால் என்ன லாபம்? அனுமதி பெற்ற வேலிதான் அவருக்கு வழி. அந்த அனுமதி சீக்கிரம் கிடைத்தால்தான் திருட்டு ஒயர் குறையும்.

கம்பியில் யாராவது சிக்கினால் ஓடிப்போய்த் தொட வேண்டாம். முதலில் மெயினை அணைக்க வேண்டும். லைன் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் தள்ளி நின்று, மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்கும், ஆம்புலன்சுக்கு 108-க்கும் போன் செய்ய வேண்டும்.