ஆங்கிலம் நன்றாக இருந்தால் குற்றமா?

சென்ற மாதம் எங்கள் தெருவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி விடுதியிலிருந்து ஊருக்கு வந்திருந்தாள். சிவில் மூன்றாம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை; அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அன்று முகம் வாடியிருந்தது. என்ன என்று கேட்டோம்.

"அசைன்மென்ட்டை சார் திருப்பிக் குடுத்துட்டாரு. இது நீ எழுதினது இல்ல, சாட்ஜிபிடி எழுதினதுன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாரு" என்றாள். கணக்கும் படமும் அவள் போட்டவை. ஆங்கிலத்தை மட்டும் அந்தச் செயலியிடம் கொடுத்துத் திருத்தியிருக்கிறாள். பக்கத்து பெஞ்சில் இருக்கும் மாணவி முழுவதையும் அதிலேயே எழுதி வாங்கியிருக்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை. அவள் நகரத்தில் ஆங்கில வழியில் படித்தவள்; அவளுக்கு இப்படி எழுத வரும் என்று ஆசிரியருக்கு ஒரு நம்பிக்கை. நம் பிள்ளை நன்றாக எழுதினால்தான் சந்தேகம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த நாளிலிருந்து பொறியியல் கல்லூரிகளில் இதே பேச்சுதான். தடை செய்யலாமா, அனுமதிக்கலாமா என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். தடை போட்டால் அது யார் தலையில் விடியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் என்று சில கல்லூரிகள் வாங்கி வைத்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இப்படிப்பட்ட 7 மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தம் கையால் எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. எளிய சொற்களில், சிறு வாக்கியங்களில் எழுதுவதுதான் அந்தக் கட்டுரைகள் செய்த பிழை. நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலமும் அதுதானே.

இந்த இயந்திரம் நமக்கு நண்பன் என்றும் நாம் சொல்லவில்லை. பெங்களூருவில் ஓர் ஆய்வுப் பணிக்கு விண்ணப்பித்த தலித் ஆய்வாளர் ஒருவர் தன் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைத் திருத்தச் சொன்னபோது, சாட்ஜிபிடி அவருடைய குடும்பப் பெயரையே மாற்றி 'சர்மா' என்று போட்டுவிட்டது. எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 2025 அக்டோபரில் இதை வெளியிட்டது. படித்தவன் என்றால் சர்மாவாகத்தான் இருப்பான் என்று அது கற்றிருக்கிறது. யார் எழுதி வைத்ததைப் படித்துக் கற்றதோ, அவர்கள் புத்திதானே அதற்கும் வரும்.

இவ்வளவும் தெரிந்தும், நம் பிள்ளைகள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்றே சொல்கிறோம். முதல் செமஸ்டரில் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' தாளில் அரியர் விழுந்து, அதைத் தூக்கிக்கொண்டே நான்கு வருடம் நடந்த பிள்ளைகளை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. ஐகன் வேல்யூ என்றால் என்ன என்று வகுப்பில் எழுந்து கேட்டால், "இதுகூடத் தெரியாமலா வந்தாய்?" என்ற பதில் வரும். 'கோட்டா' என்ற சொல் பின் பெஞ்சிலிருந்து காதில் விழும். ஒருமுறை அப்படி உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருப்பதே இல்லை. மற்ற வீடுகளில் கேட்பதற்கு ஓர் அண்ணன் இருக்கிறான், இன்ஜினியர் மாமா இருக்கிறார், ட்யூஷன் இருக்கிறது. நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? இரவு பன்னிரண்டு மணிக்கு, ஒரே சந்தேகத்தை ஏழாவது முறையாக, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக் கேட்டாலும் முகம் சுளிக்காத ஒன்று இப்போது கைபேசியில் இருக்கிறது. ஆசிரியரிடம் கேட்க முடியாததை இயந்திரத்திடம் கேட்க வேண்டியிருப்பது அந்த வகுப்பறைக்கு அவமானம். அந்த அவமானம் தீரும்வரை நம் பிள்ளை காத்திருக்க முடியாது.

ஆனால் கேட்பது வேறு, எழுதி வாங்குவது வேறு. ரெக்கார்டு நோட்டையும் அசைன்மென்ட்டையும் அப்படியே எழுதி வாங்கிக் கொடுக்கும் மாணவன் வைவாவில் மாட்டுவான். அங்கே தப்பினாலும் கேம்பஸ் இன்டர்வியூவில் மாட்டுவான். அப்பாவின் நண்பர் கம்பெனியில் வேலை காத்திருக்கும் பிள்ளைக்கு அது நஷ்டமில்லை. நமக்கு அந்த அரைமணி நேரம்தான் எல்லாம். இன்னொன்று, இது தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும். கான்கிரீட் பீமுக்குக் கம்பி அளவு கேட்டால், ஐ.எஸ். 456இல் இல்லாத பிரிவு எண்ணைக்கூடக் கூசாமல் எழுதிக் கொடுக்கும். கோட் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்காமல் ஒரு வரியையும் நம்பக் கூடாது. முதலில் நீயே கணக்கைப் போடு, பிறகு "நான் எங்கே தவறினேன்?" என்று கேள். போட்ட ரஃப் தாள்களைத் தேதி எழுதிப் பத்திரமாக வை. நாளை யாராவது சந்தேகப்பட்டால் அதுதான் சாட்சி.

கல்லூரிகளையும் கேட்கிறோம். சந்தேகம் என்றால் வகுப்பில் வைத்து அவமானப்படுத்தாதீர்கள். தனியே அழைத்துப் பத்து நிமிடம் கேள்வி கேளுங்கள். தமிழில் பதில் சொல்ல விடுங்கள். 2010இலிருந்து சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் நடத்திய மாநிலம் இது; தமிழில் பொறியியல் பேச முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அரசுக்கும் ஒரு கேள்வி. ஓபன்ஏஐ நிறுவனம் மாதம் 399 ரூபாய்ச் சந்தாவை 2025 நவம்பர் முதல் இந்தியாவில் ஓராண்டுக்கு இலவசம் என்று அறிவித்தது. ஓராண்டு முடிந்ததும்? வசதியுள்ளவன் பணம் கட்டுவான், நம் பிள்ளை பாதியில் நிற்பான். விலை கொடுத்து வாங்க முடியாத பாடநூல்களைப் பட்டியலின மாணவர்கள் பகிர்ந்து படிக்கப் புத்தக வங்கித் திட்டம் கொண்டுவந்த நாடு இது. அதே நியாயம் இதற்கும் பொருந்தும். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்த கணினிகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் சமூக நீதி விடுதி என்று பெயர் மாறிய விடுதிகளில் இணைய வசதி இல்லையென்றால், அந்தக் கணினி டிரங்குப் பெட்டிக்குள்தான் கிடக்கும்.

அந்த மாணவி திங்கட்கிழமை ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பார்க்கப் போனாள். அவர் பீமைப் பற்றி ஐந்தாறு கேள்விகள் கேட்டிருக்கிறார். தமிழும் ஆங்கிலமும் கலந்து பதில் சொல்லியிருக்கிறாள். மதிப்பெண் போட்டுக் கொடுத்தாராம். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திரும்பப் பெற்றாரா என்று கேட்டோம். இல்லை என்றாள்.